பதில் சொல்ல நேரம்

அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஆயா அவர். மனம் உடைந்து வரும் தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்று அவரைப் போன்றவர்களுக்கு இணையவழிப் பயிற்சியொன்று தயாரித்திருந்தேன். அது எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

ஆண்கள் போடும் பழைய ஸ்வெட்டரின் கைகளைச் சுருட்டிவிட்டிருந்தார். பிள்ளைகள் வீடு போனதும் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, தேயிலைக்கு நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்தார். போனைத் தொடுமுன் முடியை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டார், யாரோ பார்க்க வருவதுபோல.

திரையில் ஒரு பெண் நம்மை நேராகப் பார்த்து, "மனசுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பாள். கேட்கும் விதத்தைக் காட்டும் பாடம் அது. அவர் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"வெளங்கலயாக்கா?"

"வெளங்குதுங்க மிஸ். கேட்டுட்டு ஒடனே அடுத்ததுக்குப் போயிருது. பதில் சொல்லி முடிக்க நேரம் பத்தலங்க."

"நீங்க சொல்றது அந்தப் பொண்ணுக்குக் கேக்காதேக்கா."

"தெரியுங்க. லயத்து வீட்டுல வாயத் தொறந்தா அடுத்த காம்பராவுக்குக் கேட்டுரும். இதுக்குக் கேக்காதுல்ல."

கொழும்புக்குத் திரும்பி, அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட மௌனமொன்றை வைத்தேன். பாடம் அங்கே நின்றுவிடுகிறது என்று மற்ற இடங்களிலிருந்து முறைப்பாடு வருகிறது. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் அவருக்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை.