நமக்கெதுக்கு ஆண்டிச்சாமி

அந்த வீட்டில் பசை காய்ச்சுவது ஆண்டிச்சாமியின் வேலை. அவன் அம்மா முத்துப்பேச்சி, தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து நீலத் தாளும் மரச்சீவலும் வாங்கிவந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டுவாள். அதற்கு மைதா மாவில், பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கவேண்டும். சாத்தூரில் அந்தத் தெருவில் அவனைப்போலக் கிண்ட ஆளில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"இதுல என்னத்தா இருக்கு? கழுதைகூடக் கிண்டும்."

"அப்ப ஒரு கழுதையப் பிடிச்சாந்து கட்டிட்டு நீ வெளிய போயி நில்லுலே" என்பாள் முத்துப்பேச்சி.

பகலில் அவனுக்குக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, மேஸ்திரியாக இருந்துகொள் என்றார். "நமக்கெதுக்கு மொதலாளி அதெல்லாம்? கோட்டைச்சாமிக்குக் குடுங்க. அவனுக்கு நல்ல தொண்டை" என்றான். பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமி மேஸ்திரியானான். அந்தத் தொண்டையைப் பெரும்பாலும் ஆண்டிச்சாமியிடமே பயன்படுத்தினான். "நான் சொன்னேன்ல, எம்புட்டுச் சத்தம் பாரு" என்று ஆண்டிச்சாமி மற்றவர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டான். கல்யாணப் பந்தியில் எல்லோரையும் முன்னால் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் உட்காருவான். அதற்குள் அப்பளம் தீர்ந்திருக்கும். அதற்கும் சிரிப்பான். தெரு அவனுக்கு 'நமக்கெதுக்கு' என்றே பேர் வைத்துவிட்டது.

அப்படிப்பட்டவனும் வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காடுகரையோடு இருந்த தாய்மாமன் சோலைமலையின் மகள் வீரலட்சுமி. ஆடித் திருவிழாவுக்கு அவள் வந்திருந்தபோது பச்சை வளையல் வாங்கி, அதையும் அம்மா கையால் கொடுக்கச் சொன்னான். "அத்தைக்குப் பச்சையே ஆகாதே, யாரு எடுத்தது?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள் அவள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில், காரியாபட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பம் வீரலட்சுமியைப் பெண் பார்த்துவிட்டுப் போனது. மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டியிருந்தாராம். அந்த வாட்ச் ஒன்றே ஆண்டிச்சாமிக்கு ஒதுங்கிக்கொள்ளப் போதுமாயிருந்தது.

அவர்கள் வழக்கத்தில், அத்தை மகன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால், அவனிடம் வெற்றிலைத் தட்டோடு வந்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அவன் வெற்றிலையைத் தொட்டு முறையை விட்டுக்கொடுக்கவேண்டும். அவனுக்கே பெண்ணைக் கொடுப்பதாக இருந்தாலும் அதே வெற்றிலைத் தட்டுதான்.

சோலைமலை தட்டோடு வந்தது இரண்டாவது காரியத்துக்கு. மச்சானைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று மகள் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து சாதித்திருந்தாள். முத்துப்பேச்சி தண்ணீருக்குப் போயிருந்தாள். கோட்டைச்சாமி சுண்ணாம்பு கேட்டு வந்தவன், தட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ளே, நம்ம லட்சுமி விசயமா..." என்று சோலைமலை தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் மாமா." ஆண்டிச்சாமி வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "முறை முறைன்னு நான் குறுக்க நிப்பனா? விட்டுக்கொடுத்துட்டேன். கோட்டைச்சாமி சாட்சி. பந்தல் வேலை பூரா நம்ம பொறுப்பு."

"பெரிய மனசுய்யா!" என்றான் கோட்டைச்சாமி.

சோலைமலை குடிக்கக் கொடுத்திருந்த மோர்ச் செம்பைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

குடத்தோடு வந்த முத்துப்பேச்சி, தம்பி விட்டுப்போன தட்டில் வெற்றிலையோடு இருந்த தேங்காயைப் பார்த்து, "தேதி குறிச்சாச்சாலே?" என்றாள். மகன் நடந்ததைப் பெருமையாகச் சொல்லி முடித்தபோது அவள் கையில் பசைக் கரண்டி இருந்தது. ஆண்டிச்சாமி தெருவுக்கு ஓடினான்.

மறுநாள் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். "நான் வாயத் தொறக்க முன்ன, எம் பிள்ளைய வேண்டாம்னுட்டானே அக்கா, கம்பெனி மேஸ்திரியச் சாட்சிக்கு வச்சுக்கிட்டு" என்றார் சோலைமலை. "அவனே வந்து, வேணும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வெள்ளிக்கிழமை காரியாபட்டிக்காரகளுக்குப் பதில் சொல்லணும்."

புதன்கிழமை ஆண்டிச்சாமி தலைக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, பஸ்ஸுக்குப் போனான். போன சுருக்கில் திரும்பினான்.

"என்னலே?"

"வண்டி நெறஞ்சு போச்சு ஆத்தா. ஒரு ஆளு எறங்குனாத்தான் எடுப்பேன்னுட்டாரு கண்டக்டரு. எல்லாருக்கும் சோலி இருக்குல்ல?"

"ஒனக்கு?"

ஆண்டிச்சாமி யோசித்தான். "அடுத்த பஸ்ஸு வாரதுக்குள்ள சட்டை கசங்கிப்போயிரும்ல" என்றான்.

வியாழக்கிழமை மத்தியானம், அத்தைக்குப் பெட்டி ஒட்ட ஒத்தாசைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு வீரலட்சுமியே வந்துவிட்டாள். முத்துப்பேச்சி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள்.

ஆண்டிச்சாமி பசை கிண்டிக்கொண்டிருந்தான். அவள் எதிரே உட்கார்ந்து நீலத் தாளை மடித்தாள்.

"பஸ்ஸுல எடம் இல்லையாக்கும்?"

"ஒரே கூட்டம்."

"எனக்கு இருந்துச்சே."

"அவுக வீட்டுல கரண்டு இருக்காம்" என்றான் அவன். "கடை இருக்கு. வாட்ச் வேற."

"வாட்ச் யாரு கையில கட்டுனாலும் ஓடும் மச்சான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு அவள், "மூணு மணி பஸ்ஸுக்கு என்கூட வாரீகளா? வேணும்னு சொல்லணும். அம்புட்டுத்தான். மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

வாரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். கரண்டியைப் பார்த்துக்கொண்டு, "அம்புட்டுப் பெரிய எடத்த விட்டுட்டு, இது நமக்கெதுக்குன்னு..." என்றான்.

"நமக்குன்னா ரெண்டு பேருல்ல? உங்களுக்கு எதுக்குன்னு நீங்க சொல்லுங்க. எனக்கு எதுக்குன்னு என்னையக் கேட்டீகளா?"

இதுவரை கேட்டதில்லைதான். ஆண்டிச்சாமி அப்பளம் தீர்ந்த பந்தியில் சிரிப்பானே, அந்தச் சிரிப்பைச் சிரித்தான். "சரி, கேக்கேன். என்னையப் போயி ஒனக்கு எதுக்குப் பிள்ள?"

வீரலட்சுமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. அது முடியவில்லை. அடுப்பில் பசை அடிப்பிடிக்கும் வாடை வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பாதியில் வைத்தாள். விரல்களைத் தாளில் துடைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள்.