பச்சை மையில் ஒரு மாணவன்

மனநலம் என்று பேனரில் போட்டால் எங்கள் பக்கம் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்காது. சுகர் டெஸ்ட் என்று போட்டால் பந்தல் நிரம்பும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றி இருபது வருடம் சமூகப் பணியாளராக ஓடியவள் நான். இந்த உண்மையை முதல் வருடமே கற்றிருக்க வேண்டும். ஆனாலும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தபோது, அதில் 'மனநலப் பெட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டினேன். படித்தவள் செய்கிற வேலை.

ஒரு மாதத்தில் விழுந்தவை: இரண்டு சாக்லேட் பேப்பர், ஒரு பஸ் டிக்கெட், சத்துணவு முட்டை சின்னதாக இருக்கிறது என்று ஒரு புகார். வெட்கத்தோடு பெட்டியை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினேன். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று தேடமாட்டேன் என்று பிரேயரில் அறிவித்தேன்.

அந்த வாரம்தான் எஸ்தர் விவகாரம் வந்தது. பிளஸ் டூ படிக்கிறாள். அப்பா இரும்பு உருக்கும் ஷெட்டில் கான்ட்ராக்ட் லேபர், அம்மாவுக்கு பேக்கிங் கம்பெனியில் வேலை. வகுப்பில் கெட்டிக்காரி. தேர்வு என்றால் மட்டும் கை நடுங்கும், வயிற்றைக் கலக்கும். பாத்ரூமுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள். காலாண்டில் மூன்று பேப்பர் அப்படியே போயிற்று. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியலான நாமினல் ரோல் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

"ஒரு ஃபெயில் வந்தா ஸ்கூலோட சென்டம் ரிசல்ட்டு போயிடும் மேடம்" என்றார் தலைமையாசிரியர். "டி.சி. வாங்கிக்கினு போவட்டும். அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதிக்கட்டும். அதுக்கும் ரெஸ்ட்டு."

எஸ்தரின் அப்பாவைக் கூப்பிட்டு டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவுங்க நைனா நீட்டின எடத்துல போட்டுட்டு வந்துட்டாரு மேடம். பரிச்சைக்கு பயந்தா பள்ளிக்கூடத்த உட்டே தொரத்துவாங்களா? ஊட்ல குந்த வெச்சா, அடுத்த மாசமே என் கம்பெனிக்கு லேபிள் ஒட்ட வந்துடும். அப்பால எங்க படிக்கிறது?"

வியாழக்கிழமை காலை வேறு வேலை ஓடாமல் பெட்டியைத் திறந்தேன். முதல் முறையாக ஒரு கடிதம் இருந்தது. முழு வெள்ளைத்தாள், இடது ஓரம் அளவாக மடித்தது.

'அனுப்புநர்: ஒரு மாணவன், பதினோராம் வகுப்பு. பெறுநர்: மனநல ஆலோசகர் அவர்கள். பொருள்: வயிற்றுக் கலக்கம் – தீர்வு கோருதல் – சார்பு. அம்மையீர், தேர்ச்சி விழுக்காடு குறித்த ரிவ்யூ மீட்டிங் அன்று எனக்குக் கை நடுங்குகிறது. கழிவறைக்குச் சென்றால் மீண்டும் ஹாலுக்குள் வரத் தைரியம் இல்லை. சென்ற முறை மெடிக்கல் லீவு போட்டுவிட்டேன். தக்க ஆலோசனை வழங்கப் பணிந்து வேண்டுகிறேன். நகல்: கோப்பிற்கு.'

எல்லாம் பச்சை மை. அந்தப் பள்ளியில் பச்சை மையில் எழுதுகிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு.

சைக்கிள்களுக்கு நடுவே நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. பாவம் மனிதர்.

மதியம் தலைமையாசிரியரே என்னைக் கூப்பிட்டார். "பொட்டில எதுனா வந்துச்சா மேடம்?"

"ஒரு பையன் எழுதியிருக்கான் சார்."

"அப்டியா! யாராம்?" அந்த முகத்தில் இருந்த ஆச்சரியத்துக்கு விருதே கொடுக்கலாம்.

"தேடமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன் சார்."

"கரெக்ட், கரெக்ட். அவனுக்கு இன்னா சொல்லப்போறீங்க?"

மூச்சுப் பயிற்சி, ஜி.ஹெச்சில் மனநல டாக்டர், கதவுக்குப் பக்கத்தில் உட்காருவது, நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்வது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் டைரியில் குறித்துக்கொண்டார். "மத்த பசங்களுக்கும் யூஸ் ஆவும்ல" என்றார்.

அப்போதுதான் எனக்குக் குசும்பு ஏறியது. "இல்லாட்டி ஒண்ணு பண்ணலாம் சார். பயந்தாங்கொள்ளிய வெச்சிக்கினு நமக்கு இன்னா லாபம்? டி.சி. குடுத்து அனுப்பிடலாம்."

"இன்னா மேடம் பேசுறீங்க!" மேஜையில் ஓங்கித் தட்டினார். "பயந்துட்டான்னு தொரத்திடுவீங்களா? வைத்தியம் பாக்க வேணாம்? அநியாயமாக்கீதே!"

மின்விசிறியைப் பார்த்தேன். அவரும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து எஸ்தரின் விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நாமினல் ரோலில் அவள் பெயரை என் எதிரிலேயே எழுதினார்.

இது தொழில் தர்மமா என்று என் ஜூனியர்கள் கேட்பார்கள். வாக்கை மீறவில்லை, கொஞ்சம் வளைத்தேன். எஸ்தரை மறு வாரமே ஜி.ஹெச்சுக்கு அழைத்துப் போனேன். சாருக்கும் எந்தக் கிழமை டாக்டர் வருவார் என்பதை, அந்தப் பையனுக்காக, எழுதிக் கொடுத்தேன்.

மனநலம், கல்வி, சமூக நீதி என்று எங்களுக்கு மூன்று தனித்தனி டிரெயினிங் நடத்தினார்கள். மூன்றிலும் சொல்லாதது அந்த வாரம் புரிந்தது. இருவருக்கும் இருந்தது ஒரே பயம். ஆனால் அதிகாரி பயந்தால் மெடிக்கல் லீவு, ஷெட் தொழிலாளியின் மகள் பயந்தால் டி.சி. நோயைக் கேட்பதற்கு முன், அந்த நோய்க்காக யார் வெளியே தள்ளப்படுகிறார் என்று கேளுங்கள்.

பொதுத்தேர்வின் முதல் நாள் கேட்டில் காத்திருந்தேன். எஸ்தர் தேர்வு முடிந்து வியர்வையில் குளித்தபடி வந்தாள்.

"ரெண்டு வாட்டி பாத்ரூம் போனேன் மிஸ்" என்றாள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு வாட்டியும் திரும்பி வந்துட்டேன்."