விண்வெளியில் ஹாரன்

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் செம்மேட்டில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் தாராளம் இருக்கிறது. இயற்பியல் பட்டம் முடித்தவன் என்று பள்ளி நம்பியது. முடிக்கப் போகிறவன் என்று நான் நம்பினேன். பல்கலைக்கழகம் இரண்டையும் நம்பவில்லை. ஒரே ஒரு தாள்தான் பாக்கி, அதுவும் ஒலியியல். அது தேறும்வரை சும்மா இருக்காமல் மலையடிவாரக் காரவள்ளியில் எங்கள் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வரச் சொன்னார் அப்பா. கிழங்குக்கும் எனக்கும் இருந்த பிணக்கினால் கொல்லிமலைக்கு ஓர் அறிவியல் வாத்தியார் கிடைத்தார்.

பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டி ஓர் அக்காவின் டீக்கடை. முன்னால் அடுப்பும் பெஞ்சும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் மிளகு மூட்டைகள் அடுக்கிய அறை. அந்த அறையில்தான் டிவியும் சிடி பிளேயரும் ஒரு ஸ்டெபிலைசரும் குடியிருந்தன. மலையில் தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் சுற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். இறங்கி முடித்தவனுக்குப் படம் தேவைப்படாது, எலுமிச்சம்பழம்தான் தேவைப்படும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் மிளகு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து படம் பார்த்தோம். உருக்கமான காட்சிகளில் யாராவது தும்முவார்கள். மற்றபடி நல்ல அரங்கம்.

சிடி கொண்டுவருபவர் பேருந்து ஓட்டும் அண்ணன். ஞாயிறு மதியம் அவர் வண்டிக்கு ஒரு டிரிப் கிடையாது. நாமக்கல்லில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்துவந்து, திங்கள் முதல் வண்டியில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை அவர் எடுத்துவந்தது மூன்று பாகமாக வந்த ஒரு விண்வெளிப் படத்தின் முதல் பாகம். தமிழ் பேசும் வெளிநாட்டுப் படம். ஒரு ராணியின் ஏழு நிலவுகளை ஒரு சக்கரவர்த்தி பிடித்துக்கொள்கிறான். கப்பல் திருடன் ஒருவன் அவற்றை மீட்டுக்கொடுக்கக் கிளம்புகிறான். திருடனுக்கு ராணிமேல் ஒரு கண். சக்கரவர்த்தி வாயைத் திறந்தால் தெருக்கூத்து ராஜா தோற்றுப்போவான். “அடேய் அற்பனே, என் உறைபனிச் சிறையில் நீ புழுவாய்த் துடிப்பாய்!” என்று அவன் உறுமியபோதே நாங்கள் அனைவரும் அந்தப் படத்துக்கு அடிமையாகிவிட்டோம்.

எங்கள் அரங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு படம் இரண்டு சிடியில் வரும். முதல் சிடியை எடுத்து, லுங்கி முனையால் துடைத்து, அடுத்ததைப் போடும் இடைவெளியில்தான் பேசலாம். சிடி சுற்றும்போது வாய் மூடியிருக்க வேண்டும். நான் மட்டும் மூடமாட்டேன். வகுப்பில் என்னைக் கேள்வி கேட்கப் பிள்ளைகள் இல்லையா என்றால், இருந்தார்கள். அதனால்தான் கேள்வி கேட்காத கூட்டத்தில் பேச எனக்கு அவ்வளவு ஆசை.

முதல் பாகத்தில் ஒரு கப்பல் டமாரென்று வெடித்தது. “இது நடக்காது. விண்வெளியில் காத்து இல்லை. காத்து இல்லாம சத்தம் கேக்காது” என்றேன். ஒலியியலில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதையும் பரீட்சையில் கேட்கவில்லை.

இடைவேளைக்குக் காத்திருந்து டிரைவர் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க வாத்தியாரே, சத்தமே கேக்காதுங்கறீங்களா?”

“கேக்காதுங்கண்ணா.”

“அப்பறம் வளவுல எப்படிங்க திருப்புவான்? எதுக்க ஒருத்தன் வருவானில்ல? ஹாரன் அடிக்கோணுமில்ல?”

“அங்க வளைவே இல்லீங்கண்ணா. ரோடே கெடையாது.”

“ரோடு இல்லாத எடத்துலதான் ஹாரன் ரொம்ப முக்கியமுங்க.” அவர் மூட்டையிலிருந்து இறங்கி நின்று, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். “அத்தன கப்பலு கிருகிருன்னு சுத்துச்சே, ஒண்ணாச்சும் ஒண்ணோட முட்டுச்சுங்களா?”

“இல்லீங்க.”

“முட்டலீல்ல? அப்ப ஹாரன் அடிச்சிருக்கறான். ஹாரன் கேட்டிருக்குது. சத்தம் இருக்குது. முடிஞ்சுதுங்களா?”

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. பல்கலைக்கழகம் என்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் சரிதான் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

அவர்களுக்கும் சந்தேகங்கள் இல்லாமல் இல்லை. மலையிலேயே இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து நடந்தே வரும் ஒரு விவசாயி எங்களோடு உட்காருவார். ஊரில் பஞ்சாயத்துப் பேசுகிறவர். நாங்கள் பெரியவர் என்போம். “நானும் இத்தன கெரகம் பாத்துட்டேன். ஒரு வயக்காட்டக் காணோம். இத்தன பட்டாளத்துக்கு எவன் சோறு போடறான்?” என்பது அவர் கவலை. ராணியின் கொண்டைதான் அக்காவின் கவலை. “அவ வானத்துல இருந்து குதிச்சும் ஒரு முடி கலையல. நான் நாலு டீ ஆத்துறதுக்குள்ள கொண்ட அவுந்துருது. ஆனா பாக்க நல்லாருக்குதே, அது போதாதா கண்ணு?” ஆனால் இதையெல்லாம் அவர்கள் சிடி மாற்றும்போது கேட்டார்கள். நான் சிடி சுற்றும்போது சொன்னேன். குற்றம் அங்கேதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, இரண்டாம் பாகத்தில், குற்றம் முற்றியது. எடை என்பதே இல்லாத ஒரு கப்பலில் ராணியும் திருடனும் மிதக்கிறார்கள். பிரியும் நேரம். ராணியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கன்னத்தில் இறங்குகிறது. அக்காவின் முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. டிரைவர் அண்ணன் தும்முவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

“கண்ணீர் கீழ எறங்காது. உருண்டையாத் திரண்டு அங்கயே நிக்கும்” என்றேன்.

படம் முடிந்ததும் பஞ்சாயத்து கூடியது. பெரியவர் உயரமான மூட்டையில் ஏறி உட்கார்ந்தார். தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் எதிரில் நிற்க வேண்டும் என்றார்கள். என்னிடம் துண்டு இல்லை. அக்கா கரித்துணி கொடுத்தார்.

“பிராது என்னம்மா?” என்றார் பெரியவர்.

“வாரம் பூரா அடுப்படியில அழுவ நேரமில்லீங்க. சேத்து வெச்சு ஞாயித்துக்கெழமதான் அழுவறேன். இன்னிக்கு நல்லா வந்துச்சு. அதப்போயி உருண்டையாக்கிட்டாரு சாமி, இந்த மனுசன்.”

“வாத்தியாரு என்ன சொல்றீங்க?”

“உருண்டைதானுங்க.”

கரித்துணியோடு நின்றவனுக்கு அதற்குமேல் வக்கீல் எதற்கு? பெரியவர் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார். “மூணாம் பாகம் ஓடறப்ப இவரு வாயில இருந்து அறிவியல்னு ஒரு சொல்லு வந்தாலும், அந்த எடத்துலயே எந்திரிச்சு வெளிய போயிரோணும். மறுபேச்சு கெடையாது. ஊரு என்ன சொல்லுது?”

“சரிதானுங்க!” என்றது ஊர். ஊர் என்றால் அக்காவும் டிரைவர் அண்ணனும். என் குரலும் அதில் கேட்டதாக அக்கா இன்றும் சத்தியம் செய்வார்.

அந்த வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டாம் பாகம் முடியும்போது ராணி பனிச்சிறையில். திருடனோ கப்பலில்லாமல், வெறும் கவசத்தோடு, காற்றே இல்லாத ஒரு நிலவை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறான். எந்த வேகத்தில் விழுவான் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் செத்துப்போனான். அதனால் எப்படிப் பிழைத்தான் என்று தெரிந்தாக வேண்டும். நாமக்கல் கடையில் மூன்றாம் பாகத்துக்கு அடிதடி. ஒரு நாளைக்கு மேல் தரமாட்டான், அப்புறம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டிரைவர் அண்ணன். அந்த ஞாயிறு வெளியே போனால் போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நான் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறிவியல் வாய்க்கு வரும்போதெல்லாம் ஒரு பழத்தை உரித்துத் திணித்துக்கொள்வது என்று ஏற்பாடு. நிலவில் விழுந்த திருடன் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஒரு பழம். பனிக்கோளில் கையில்லாத சட்டையோடு திரிந்தான். ஒரு பழம். ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் கப்பலை நிறுத்திக் குளிர் காய்ந்தான். இரண்டு பழம். “வாத்தியாரு நல்ல பசியில இருக்கறாரு” என்றார் பெரியவர். பதில் சொல்லவும் எனக்கு வாய் காலியில்லை.

இரண்டாவது சிடியில், ராணியை மீட்கும் கடைசிச் சண்டை. திருடன் கப்பல் கதவைத் திறந்து வெட்டவெளியில் மிதந்து போகிறான். சக்கரவர்த்தியின் கோட்டை அவன் முதுகுக்குப் பின்னால் வெடிக்கிறது.

சத்தம் இல்லை. நெருப்புப் பூப்பூவாய் விரிகிறது, கப்பல்கள் சிதறுகின்றன, ஒரு முணுக்குகூட இல்லை. கூரையில் மழை மட்டும் கேட்டது.

“கரண்டு கம்மிங்களா?” என்று அக்கா ஸ்டெபிலைசரைப் பார்த்தார். முள் நேராகத்தான் நின்றது. டிவியின் தலையில் ஒன்று வைத்தார். டிரைவர் அண்ணன் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். சிடியை வெளியே எடுத்து, லுங்கியால் துடைத்து, ஊதி, மறுபடி போட்டு அதே இடத்துக்கு ஓட்டினார். கோட்டை மறுபடியும் ஊமையாக வெடித்தது.

“கீறலுங்க. இதுக்கு மேல ஓட்டுனா முழுசும் போயிரும், கடக்காரன் அடுத்த தடவ சிடியே தரமாட்டான். எடுத்துரலாம்” என்றார்.

“அப்ப ராணி?” என்றார் அக்கா.

“ஜெயில்லயே இருக்கட்டும். என்ன பண்றது?”

என் மடியில் தோல்தான் மிச்சம், பழம் இல்லை. எனக்கு விஷயம் தெரியும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு புண்ணியவான் இந்த ஒரு காட்சியை மட்டும் சரியாக எடுத்திருக்கிறான். மூன்று பாகத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு உண்மை. அதை ரிப்பேர் என்று நினைத்து இவர்கள் பெட்டியில் போடப் போகிறார்கள். சொன்னால் நான் வெளியே. சொல்லாவிட்டால் யாருக்கும் முடிவு கிடையாது. டிரைவர் அண்ணனின் விரல் பொத்தானுக்குப் போனது.

“ரிப்பேர் இல்லீங்க! அங்க காத்து இல்ல, அதான் சத்தம் இல்ல! படம் எடுத்தவன் சரியா எடுத்திருக்கறான்! அப்படியே ஓட்டுங்க. அவன் கப்பலுக்குள்ள போயிக் கதவச் சாத்துனதும் சத்தம் வரும்!”

ஓட்டினார்கள். திருடன் எதிரிக் கப்பலுக்குள் புகுந்தான். கதவு சாத்திக்கொண்டது. வெடிகளும் வாத்தியங்களும் சக்கரவர்த்தியின் உறுமலும் ஒரே மூச்சில் அறைக்குள் பாய்ந்தன. என் வாழ்க்கையில் ஒலியியலில் நான் தேறியது அந்த ஒரு கணம்தான். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டிரைவர் அண்ணன் எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாத்தியாரே, நீங்க சொன்னது அச்சு அசலா சரிங்க.”

“அப்ப உக்காந்துக்கட்டுங்களா?”

“வெளிய போங்க.”

“அண்ணா!”

“தீர்ப்புன்னா தீர்ப்புங்க. சரியாச் சொன்னா விட்டுரலாம்னு யாருஞ் சொல்லலியே.”

பெரியவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமலே கையால் வாசலைக் காட்டினார். “போறதுதான் போற, அந்தப் பாலக் கொஞ்சம் பாத்துக்க கண்ணு” என்றார் அக்கா.

அடுப்பில் பால் ஏறியிருந்தது. நான் பாலைப் பார்க்கவில்லை, பலகைத் தடுப்பில் காதை வைத்தேன். வாள் சத்தம். ராணியின் அலறல். “அடேய் அற்பனே!” அப்புறம் ஏதோ சரிந்து விழுந்தது. திருடனா, சக்கரவர்த்தியா? மழைக்கு ஒதுங்கிய ஒருவர் டீ கேட்டார். இப்போது முடியாது, சண்டை நடக்கிறது என்றேன். அவர் பதறிப்போய் மழையிலேயே நடந்துவிட்டார்.

உள்ளே திடீரென்று எல்லாம் அடங்கியது. சிடி போய்விட்டதா, யாராவது செத்துவிட்டார்களா, இல்லை படம் எடுத்தவனுக்கு மறுபடியும் அறிவியல் வந்துவிட்டதா? “என்னங்க ஆச்சு?” என்று பலகையைத் தட்டினேன்.

“வாய மூடுங்க!” மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கச் சுவரின் பலகைச் சன்னல் கிரீச்சிட்டது. டிரைவர் அண்ணனின் குரல். “வாத்தியாரே, இந்தப் பக்கம் வாங்க. உள்ள வரக்கூடாதுன்னுதான் பேச்சு. தலைக்கு ஒண்ணும் சொல்லல.”

ஓடினேன். அந்தப் பக்கம் கூரை நீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் சன்னலுக்குள் விட்டேன். கழுத்துக்குக் கீழே மழைக்காலம், மேலே விண்வெளி.

திருடனும் ராணியும் அந்தக் காற்றில்லாத நிலவில் நின்றிருந்தார்கள். ஏழு நிலவுகளும் பின்னால் மாலைபோல் வரிசைகட்டி ஒளிர்ந்தன. திருடன் தன் தலைக்கவசத்தைக் கழற்றினான். ராணியும் கழற்றினாள். இரண்டு பேரும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார்கள்.

மூன்று பேரும் மெதுவாகச் சன்னல் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் கையை உயர்த்தினார், தலையையும் வெளியேற்றத் தயாராக.

அங்கே மனிதன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். சட்டைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திருடன் ராணியின் கையைப் பிடித்தான்.

“நல்ல காத்துங்க” என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. மிளகு நெடிதான்.

டிரைவர் அண்ணன் விசில் அடித்தார். பெரியவர் கையை இறக்கினார். திருடனும் ராணியும் நிலவின் விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

“ஏனுங்க, ஏதோ தீயுதுங்களே?” என்றார் பெரியவர்.

“பாலுங்க!” என்றேன். சன்னலைவிட்டு நகரவில்லை.

“போவுது போ” என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அவங்க ரெண்டு பேரும் மொதல்ல ஊடு போயிச் சேரட்டும்.”