றுவைஸ் சொன்ன நாலு

கிண்ணியாக் கரையில் றுவைஸ் எதைச் சொன்னாலும் கேட்பவர்கள் நாலால் பிரித்துக்கொள்வார்கள். நாற்பது கிலோ சுறா என்றால் பத்துக் கிலோ. துறைமுகத்துக்குள் வழிதவறிய கப்பலொன்றைத் திருக்கை மீனொன்று முதுகில் சுமந்து ஓர்ஸ் ஹில் மேட்டில் இறக்கிவைத்த கதையும் அவனிடம் உண்டு. நாலால் பிரித்தாலும் கால்வாசிக் கப்பலாவது கிடக்கவேண்டுமே என்று யாராவது மடக்கினால், "அதப் பாலையூற்று ஆக்கள் கூரைக்குக் கழட்டிட்டுப் போயிட்டாங்க" என்பான்.

கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் கயிற்றில் அவனுக்கு முன்னிடம். அவன் கதையில் சிரித்துக்கொண்டே இழுத்தால் வலையின் பாரம் பாதியாகிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

போன வருஷம் ஓட்டோ குடைசாய்ந்து அவன் இடுப்பு நரம்பு நசுங்கியது. டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது, கூடவே உடம்பும் பஞ்சாகி மிதந்தது. அந்த வலைக்கூட்டத்தில் வெற்றிலையோ வாழைப்பழமோ பக்கத்துக் கைக்குப் போகாமல் யார் வாய்க்கும் போவதில்லை. குளிசையையும் றுவைஸ் அப்படித்தான் நீட்டினான்.

"பயப்படாதீங்க. இதென்ன சாராயமா? டொக்டர் எழுதின மருந்து. ஹராம் இல்ல."

தொழுகை தவறாத மனிதர்களுக்கு அந்த வார்த்தை போதுமாயிருந்தது. தேத்தண்ணீர் நேரத்தில் வெற்றிலைத் தட்டோடு குளிசையும் சுற்றிவந்தது. டொக்டர் எழுதின மருந்துத் துண்டு முடிந்தபோது, துண்டு கேட்காத கடையொன்றும் அகப்பட்டது. சில மாதங்களில், குளிசை இல்லாத நாளில் றுவைஸுக்கு வியர்த்தது, நித்திரை வரவில்லை. எல்லாவற்றையும்விட, கதை வரவில்லை. அது அவனை உள்ளூரப் பயமுறுத்தியது.

தங்கை நுஸ்ரத்தின் புருஷன் சஜீத்துக்கு வலையின் மடியோடு நீந்தி வரும் வேலை. மீன் சேரும் பை அது; அங்கே கண் அயர ஏலாது. ஒரு காலை அவன் இருமிக்கொண்டு வந்தான். இருமல் பாணி மருந்தைக் கொஞ்சம் கூடவே குடித்திருந்தான். "இண்டைக்கு உடம்பு சரியில்ல மச்சான், குளிசையக் கொஞ்சம் கூடத் தாங்க" என்றான். றுவைஸ் தயங்காமல் எண்ணிக் கொடுத்தான்.

வலை பாதித் தூரம் வந்தபோது சஜீத்தின் தலை மிதவைக் கட்டையில் சாய்ந்தது.

"மாப்பிள்ள மீனுக்குத் தாலாட்டுப் பாடுறார்" என்றான் றுவைஸ். கயிறு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடியுமுன் தலையைக் காணவில்லை.

கயிற்றை விட்டார்கள். எந்தக் கரைவலைக்காரனும் செய்யாத காரியம் அது. வலையும் மீனும் கடலோடு போக, ஆளை மட்டும் இழுத்து வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சஜீத்தின் மூச்சு, வருவதா விடுவதா என்று யோசித்து யோசித்து வந்தது. என்ன குடித்தார் என்று டொக்டர் கேட்டார்.

"வெயில் அடிச்சதாக்கும்" என்றான் கூட வந்தவர்களில் ஒருவன்.

"நோவுக்குக் குடிக்கிற குளிசை" என்றான் றுவைஸ். "நாலு. இருமல் பாணியும் குடிச்சவர்."

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த நுஸ்ரத், அண்ணனைக் காட்டி அழுகையினூடே குறுக்கிட்டாள். "காக்கா சொல்றத நாலால பிரிக்கணும் டொக்டர். ஒண்டுதான் குடிச்சிருப்பார். எங்கட குடும்பத்தில அப்பிடி ஆக்கள் இல்ல."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். றுவைஸின் வாய்க்குள் சத்தியங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் ஏற்கெனவே கதைகளுக்காகச் செலவழித்தவை.

"நாலு, தங்கச்சி. என்ட கையால குடுத்தனான்."

அதற்குப் பின்னால் ஒரு வாலும் முளைக்குமென்று நுஸ்ரத் காத்திருந்தாள். முளைக்கவில்லை. அண்ணன் இப்படி மொட்டையாகப் பேசி அவள் கேட்டதேயில்லை. அவள் டொக்டரிடம் திரும்பினாள்.

"டொக்டர், இது மெய். பிரிக்க வேணாம்."

அதன்பிறகு அங்கே எல்லாம் ஓட்டமாக நடந்தது. குழாய் போட்டு மூச்சை அறாமல் ஓடவைத்தார்கள். சஜீத் பிழைத்தான். மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து என்று சொல்லி, டொக்டர் றுவைஸையும் கிளினிக்குக்கு வரச்சொன்னார். கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தார். குளிசைகள் அவன் மனைவி ரிஸ்னாவின் அலுமாரிக்குள் போயின.

சஜீத் திரும்பிவந்த காலை கயிற்றில் றுவைஸின் புதுக் கதை ஓடியது: விட்ட வலையைத் தேடிப்போன அவனை வெருகல் வரைக்கும் ஒரு சுறா கூட்டிப்போய்ச் சாப்பாடும் போட்டதாம். தேத்தண்ணீர் நேரத்தில் ஒருவன் மெல்லக் கை நீட்டினான்.

"பழைய குளிசை ஒண்டு கிடக்கா மச்சான்?"

"இல்ல" என்றான் றுவைஸ்.

மிச்சக் கதையைக் கேட்க எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் வெற்றிலை மட்டும் இருந்த தட்டைச் சஜீத்தின் பக்கம் தள்ளினான்.