ஆற்றங்கரை ஊரை நான் மொழிபெயர்த்த கதை

எங்கள் வீட்டில் கடிதம் உடைக்கும் உத்தியோகம் எனக்கு எட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. ஜெர்மனியின் எசன் பட்டணத்தில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வரும் எந்த உறையும் நேரே என் கைக்குத்தான் வரும். நான் வாசித்து, நெற்றியைச் சுருக்கி, "வியாழக்கிழமை டெர்மின், எல்லாரும் போகவேணும்" என்று, அலுவலகத்தில் நேரம் குறித்துக் கூப்பிட்டிருப்பதைத் தீர்ப்பாகச் சொல்வேன். அப்பா இத்தாலியன் சாப்பாட்டுக் கடை ஒன்றின் குசினியில் சமையல். அம்மா விடியப்புறத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார். இருவருடைய ஜெர்மனும் வேலைத்தலத்தோடு நின்றுவிடும். ஆகவே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் வீட்டுக்கு மந்திரி. எங்கள் ஆட்களின் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம் ஆட்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். ஜெர்மன் பாஸ்போட் கையில் கிடைத்ததுதான் தாமதம், வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். "பிள்ளையளின்ர படிப்புக்கு இங்கிலிஷ்தான்" என்பது எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் பதினாறு பேர் இருந்தோம். மாரி முடியும்போது ஒன்பது பேர். எந்த ஊருக்குப் போனாலும் அது லண்டன்தான். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, போனது லண்டனிலிருந்து ஒரு மணித்தியாலம் ரயிலில் போகவேண்டிய ஓர் ஆற்றங்கரைப் பட்டணத்துக்கு. அவரையும் அப்பா லண்டன்காரன் என்றுதான் சொல்வார்.

எங்களுக்கும் பாஸ்போட் வந்தது. அம்மா பால்சோறு பொங்கினார். நானோ ஒரு வாயோடு எழும்பிப்போனேன். மேல்வீட்டில் ஒரு துருக்கிச் சிநேகிதி இருந்தாள். கிம்னாசியம் என்ற மேல்வகுப்புப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் யன்னலோரம் ஒரே மேசை. அவளை விட்டுவிட்டு, கழுத்தில் டை கட்டி, ஒருவரையும் தெரியாத பள்ளிக்கூடத்துக்குப் போவதா? அதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் சாவு அவ்வளவு மலிவு.

ஒரு சனிக்கிழமை மாமாவிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே அந்தப் பட்டணத்தைப் பற்றிய ஒரு கைநூல். அட்டையில் ஆறு, கல்பாலம், அன்னங்கள், கோடுபோட்ட சட்டையில் வள்ளம் வலிக்கும் பெடியள். உள்ளே அங்கே வந்தால் என்ன பார்க்கலாம், எங்கே படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும் என்று பக்கம் பக்கமாகப் படத்தோடு போட்டிருந்தார்கள். கல்லூரிப் பக்கத்தில் மட்டும் மாமா நீலப் பேனையால் பெரிய வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் "அக்காவுக்கு" என்று எழுதியிருந்தார்.

அப்பாவின் கடைக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. "திங்கள் எல்லாரும் இருந்து வாசிப்பம்" என்றார். அதுவரை கைநூல் என் பள்ளிக்கூடப் பைக்குள் இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். கிம்னாசியத்தில் இரண்டாவது வருடமாக இங்கிலிஷ் படிக்கிறேன் அல்லவா! ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இரண்டு நாளும் அகராதியோடு கட்டிலில் கிடந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குப் பயம்தான் கூடியது. அவ்வளவு நல்ல ஊர்.

வட்டம் போட்ட இடத்தை மூன்று தரம் வாசித்தேன். வேறு நாடுகளில் ஆசிரியராக இருந்தவர்கள் இங்கிலாந்தில் மறுபடி படிப்பிப்பதற்கான ஒரு வருடப் படிப்பு. வயதெல்லை இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஆள் உண்டு. அம்மா ஊரில் ஏதோ பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று எனக்குத் தெரியும். என்ன பாடம் என்று கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பா தேத்தண்ணியோடு சோபாவில் உட்கார்ந்தார். ஐந்து வயதுத் தம்பி அவர் மடியில். அம்மா குசினி வாசலில் பலகையை வைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அப்பா முதலே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு எங்க போனாலும் குசினிதான். உமக்கு அங்க ஒரு வழி இருந்தால் மட்டும் போவம். இல்லாட்டி இருக்கிற இடத்தை ஏன் குழப்புவான்?"

அம்மா தலையாட்டினார். கத்தி நின்றிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கைநூலை விரித்தேன்.

அன்றைக்கு நான் வாய் கூசாமல் சொன்ன பொய்களை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. வள்ள ஓட்டத் திருவிழா என்று இருந்த பக்கத்தில், வருடத்துக்கு இரண்டு தரம் ஆறு பெருகி வீட்டுக்குள் வரும் என்றேன். பழைய பொருட்காட்சிச் சாலையைச் சிறைச்சாலை ஆக்கினேன். பிஸ்கட் தொழிற்சாலையில் ஆட்கள் தேவை என்று இருந்ததை, தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள் என்று வாசித்தேன். பள்ளிக்கூடப் பக்கம் வந்ததும், வெளிநாட்டுப் பிள்ளைகளை இரண்டு வகுப்பு கீழே இறக்கி விடுவார்களாம் என்று சொல்லி, குரலைக் கொஞ்சம் கம்மவும் வைத்தேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"அன்னம் கடிக்குமோ?" என்று தம்பி கேட்டான்.

"கடிக்கும்" என்றேன். அதுவும் சேர்ந்து கிடக்கட்டும் என்று.

அப்பா நாடியைத் தடவினார். "உன்ர மாமன் சொன்னதுக்கும் இதுக்கும் ஒரு பொருத்தமும் இல்லையே பிள்ளை. சரி, அந்த வட்டம் போட்டதை வாசி."

நான் வாசித்தேன். வாசிப்பதுபோல விரலை வரிக்கு வரி நகர்த்தினேன். "இது ஆசிரியர் படிப்பு. ஆனா இருபத்தைஞ்சு வயசுக்கு உட்பட்ட ஆக்களுக்கு மட்டுமாம்."

அப்பா கைநூலை என் கையிலிருந்து வாங்கி அம்மாவிடம் நீட்டினார். "நீர் ஒருக்காப் பாரும்."

அம்மா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எனக்குப் பயம் வரவில்லை. ஜெர்மன் கடிதத்தையே என்னிடம் தருகிறவர் இங்கிலிஷில் எதைக் கண்டார்? அப்பா ஒரு மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அம்மா அந்தப் பக்கத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு, மறுபடி வட்டத்துக்கே வந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வடிவாப் பாத்துத்தானே வாசிச்சனீ?"

"ஓம் அம்மா."

"ஓம். பிள்ளை சரியாத்தான் வாசிச்சிருக்கு" என்று அப்பாவிடம் கைநூலைக் கொடுத்தார். "இருபத்தைஞ்சுதான் போட்டிருக்கினம்."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போயிற்று. பாவம் அம்மா! ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தானும் வாசித்தமாதிரி ஒரு பொய் சொல்கிறாரே என்று நினைத்தேன். அப்பா, "அப்ப விடும், இஞ்சையே இருப்பம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று எண்ணிக்கொண்டேன்.

"உனக்கு இஞ்ச அவ்வளவு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், நல்லாப் பிடிச்சிருக்கு."

"அப்ப சரி. வடிவாப் படி, என்ன."

மாமா அன்று இரவே போன் எடுத்து என்ன முடிவு என்று கேட்டார். அவர் கத்தியது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. "அக்கா, உனக்கென்ன விசரே?" அம்மா, "ஓமடா, விசர்தான். நீ சாப்பிட்டிட்டியே?" என்று கதையை மாற்றினார். நான் மேல்மாடிக்கு ஓடிப்போய்ச் சிநேகிதியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அடுத்த வருடமே அவளுடைய குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டது. அதற்கு என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை.

மாமா எங்களிடம் வர மூன்று வருடம் ஆயிற்று. சாப்பாட்டு மேசையில் நான் பெரிய எடுப்பாக அவரோடு இங்கிலிஷில் கதைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கொம்மாவின்ர வாய் அப்பிடியே வந்திருக்கு. எங்கட பள்ளிக்கூடத்தில அவதானே இங்கிலிஷ் டீச்சர். எனக்கும் படிப்பிச்சவ. ஒரு சொல் பிழைச்சால் நூறு தரம் எழுத வைப்பா, தம்பி எண்டும் பாராமல்!"

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் மாமாவின் சோற்றுக் கோப்பைக்குள் இன்னொரு அகப்பை குழம்பு விட்டுக்கொண்டிருந்தார். "பழங்கதையை விட்டிட்டுச் சாப்பிடு" என்றார்.

பொய் என்றால் கை நீட்டிவிடும் அப்பாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் அம்மா அன்று பொய் சொல்லியிருக்கிறார் என்று பதினைந்து வயதில் எனக்கு விளங்கிற்று. அவ்வளவுதான் விளங்கிற்று. அம்மாவுக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும், திரும்ப ஒரு வகுப்புக்குள் கால்வைக்க அவருக்கு மனம் துடித்திருக்கும் என்பது என் மண்டைக்குள் ஏற இன்னும் எத்தனையோ வருடம் பிடித்தது. ஏறியபோது அவருக்கு முழங்கால் வலி தொடங்கிவிட்டது, படிப்பெல்லாம் கடந்துபோய்விட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று பலதரம் வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வேறு எதையோ கதைத்துவிட்டு எழும்பி வந்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், அம்மா வழக்கம்போல நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து, அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போனார். நான் ஏழு மணிவரை நிம்மதியாக நித்திரை கொண்டேன்.