மூன்று மிஸ்ட் கோல்

போன செவ்வாய்க்கிழமை மதுரங்குளிச் சந்தியில் எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். கையில் பிளேன்டீயும் தந்தார்கள். இரண்டுக்கும் நான் அருகதை இல்லாதவன். அதைச் சொல்லிவிடத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பார்சல் கம்பனியின் களஞ்சியத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஹெல்மெட். ஓட்டுகிறவர்கள் மர நிழலில். உள்ளே கூரை தொடும் அளவுக்குப் பார்சல்கள்... ஒன்றும் நகரவில்லை.

"என்ன தம்பிமார், ஸ்ட்ரைக்கா?"

"ஓம் சேர். சிவகுமாரை வேலையால நிப்பாட்டிட்டாங்க. அவரைத் திரும்ப எடுக்குமட்டும் ஒரு பார்சலும் போகாது" என்றார் ரிஸ்வான். எங்கள் பள்ளிவாசலில் அடிக்கடி காணும் முகம். "யாரோ ஒரு மனுசன் பொய்ப் பெட்டிசன் அடிச்சிருக்கார். பேரைக் கம்பனி சொல்லுதில்ல. நல்ல நேரம் நீங்க வந்தீங்க! எங்களுக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தாங்க சேர்."

பேனையும் கைக்கு வந்துவிட்டது.

அந்த மனுசன் நான்தான்.

முழங்காலுக்குப் போடும் பட்டி ஒன்று ஓடர் பண்ணியிருந்தேன். வெள்ளிக்கிழமை வர வேண்டும், வரவில்லை. பின்னேரம் ஒரு மெசேஜ்: 'அழைத்தோம். வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை.' எனக்கு வந்ததே கோபம்! நாள் முழுக்க வீட்டில்தானே இருந்தேன்? முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்த கை சும்மா இருக்குமா? யாரும் அழைக்கவே இல்லை, ஊழியர் பொய் சொல்கிறார் என்று ஒரு முழுப் பக்கம் முறைப்பாடு எழுதி அனுப்பினேன்.

மறுநாள்தான் போனை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று மிஸ்ட் கோல். மூன்றும் ஜும்ஆத் தொழுகை நேரம். நான் பள்ளிவாசலில், போன் சைலன்டில், வீடு பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதை நம்மில் யார்தான் 'வெளியே போனேன்' என்று நினைக்கிறோம்?

அப்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். 'பிழை என்னுடையது.' அவ்வளவுதான். எழுதவில்லை. கௌரவம் விடவில்லை. ஒரு முறைப்பாட்டால் பெரிதாக என்ன நடந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஒரு மனிதருடைய வேலை போயிருந்தது.

"சிவகுமார் உடப்பு ஊர் ஆள் சேர்" என்று ரிஸ்வான் தொடர்ந்தார். "நாங்க தொழப் போகணும் எண்டு வெள்ளிக்கிழமை அந்த நேரம் எங்கட பார்சலையும் அவர்தான் சேர்த்து எடுத்துட்டுப் போவார். இத்தனை வருசமா! எங்களுக்காக ஓடித்தான் அவருக்கு இந்தப் பழி. இதையும் எழுதுங்க."

பேனையைக் கீழே வைத்தேன்.

"ரிஸ்வான்... அந்தப் பெட்டிசன் நான் எழுதினது."



"அப்ப சேர்ட இங்கிலீசுதான் ஆளைத் தூக்கியிருக்கு" என்றது பின்னால் ஒரு குரல்.

"சேர், உங்கட வீட்டுப் பக்கம் என்ட ரூட்" என்றார் ரிஸ்வான். "அண்டைக்கு நான் உங்களுக்கு ரெண்டு ஸஃப் வரிசைக்குப் பின்னாலதானே தொழுதுட்டிருந்தேன்!"

மரத்தடியில் தனியாக இருந்த ஒருவர் எழுந்து வந்தார். சிவகுமார்.

ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நாலாந் தரமும் கோல் எடுத்திருப்பன் ஐயா. ஜும்ஆ நேரம்... தொழுகைக்க போன் அடிச்சா உங்களுக்குக் கரைச்சல் எண்டுதான் விட்டுட்டன்."

கடிதத்தை எழுதினேன். என் பெயர், என் பொய், என் கையெழுத்து. மனேஜர் அதைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் இல்லை. ஹெல்மெட்டுகள் இன்னும் சீட்டிலேயே இருக்கின்றன. பின்னேரங்களில் நானும் போய் அந்த மர நிழலில் இருக்கிறேன். கதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

என் முறைப்பாட்டின் கடைசி வரி என்ன தெரியுமா? 'இந்த ஊழியருக்கு மற்றவர்களை மதிக்கத் தெரியவில்லை.'