தானாக நகர்ந்த கடிதங்கள்

செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த என்டோலா நகரில் எங்கள் லாரிக் கம்பெனிக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் திசாவுகே ஜேரேயின் கணினியில்தான் வந்து விழும். எல்லையில் நிற்கும் ஏஜெண்டு, சுரங்கக்காரர், டிரைவர் என்று யார் எழுதினாலும் அங்கேதான். லாரிக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாள். ஒவ்வொரு கடிதமாகத் திறந்து பார்த்து, மவுஸால் பிடித்து இழுத்து, அந்தந்த லாரியின் ஃபோல்டரில் போடுவதற்குள் மதியம் ஆகிவிடும். நிமிர்ந்து பார்த்தால் புதிதாக ஒரு குவியல் இருக்கும். வலது மணிக்கட்டில் எப்போதும் துணி சுற்றியிருப்பாள்.

அவள் சிபாட்டாப் பக்கத்து இங்கோனிப் பெண். லாரிகளை வழியனுப்பும் சிலெக்வா பெம்பாக்காரன். எங்கள் ஊரில் அந்த இரு குலத்தாருக்கும் மாமன் மகள், அத்தை மகன் போலக் கேலி முறை. ஒருவர் தின்பதை ஒருவர் நக்கலடிக்கலாம்; கோபித்துக்கொண்டால்தான் தப்பு.

"ஏ எலித்தின்னி! வயித்துல இருக்கிற எலி பத்தாதுன்னு கையிலயும் ஒண்ணா?"

"குரங்குக்கறி தின்னவனுக்கு எலியைக் கண்டா பொறாமை. போய் உன் லாரியைப் பாருடா."

டயர் கிடங்கு என் பொறுப்பு. என் மேசை அவளுக்கு அடுத்தது. கல்லூரியில் கணினிப் படிப்பைப் பாதியில் விட்டவள் அவள். மகள் பிறந்ததும் திரும்பப் போகவில்லை. ஒருநாள் மதியம் இன்ஷிமா என்ற மக்காச்சோளக் களியைப் பிசைந்தபடியே திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"பைத்தான். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழி. இந்த இழுக்கிற வேலையை அதுவே செய்யும்னு போட்டிருக்கான், அண்ணே."

தினமும் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். தலைப்பில் லாரி எண் இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்த ஃபோல்டருக்கு அனுப்பு. ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாக ஒன்று உண்டாக்கு. அவ்வளவுதான் அதன் வேலை. முதல்முறை ஓட்டியபோது நாங்கள் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம். தொட்டியில் அடைப்பை எடுத்தால் தண்ணீர் இறங்குமே, அப்படிக் கடிதங்கள் இறங்கின. இன்பாக்ஸ் வெறிச்சோடியது. அவள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

மேலாளர் புவெம்பியா ஐயாவுக்கு மகிழ்ச்சி. பில் போடும் வேலையையும் அவளிடம் தள்ளிவிட்டார். ஃபோல்டர்களை மாலையில் ஒருதரம் பார்த்தால் போதும் என்று ஆயிற்று. பில் குவிந்த நாட்களில் அதுவும் விட்டுப்போயிற்று.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை, டிரைவர் கபெம்புவாவின் மனைவி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரர் போனே எடுக்கல. காசும்பலேசா எல்லையில லாரி நிக்குதுன்னு சொன்னாரு, அதோட சரி. உங்களுக்கு ஏதாவது சேதி வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரலியே அக்கா" என்று சொல்லிக்கொண்டே திசாவுகே அந்த லாரியின் ஃபோல்டரைத் திறந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். எல்லை ஏஜெண்டின் கடிதம் திறக்கப்படாமலே கிடந்தது. தலைப்பில் வெறும் லாரி எண். உள்ளே: டிரைவருக்குக் கடும் காய்ச்சல், நினைவு தப்புகிறது, உடனே ஆள் அனுப்புங்கள். வந்து சேர்ந்தது முந்தாநாள்.

ஏஜெண்டுக்குப் போன் போட்டாள்.

"மெயில் போட்டேனேம்மா! பதிலே இல்ல. நாங்களே பக்கத்துல சிலிலபோம்புவே ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மலேரியாவாம். உயிருக்கு ஒண்ணுமில்ல."

கபெம்புவாவின் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். திசாவுகே அவள் அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதான் அக்கா" என்றாள். சிலெக்வா வண்டியை எடுத்து வர, இரண்டு பெண்களும் ஏறிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கபெம்புவா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தானாம். திசாவுகே நடந்ததை ஒளிக்காமல் சொன்னாளாம்.

"அப்போ என்னைத் தூக்கி ஃபோல்டர்ல போட்டுட்டே" என்றானாம் அவன். மனைவிதான் சிரிக்கவில்லை.

மறுநாள் புவெம்பியா ஐயா சொன்னார்: "அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு. பழையபடி கையாலயே செய்."

"போட்டுடறேன் ஐயா. ஆனா கையால இழுத்தப்போ ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுத்தான் இழுத்தேன். படிக்கிறதையும் சேர்த்து அதுகிட்ட விட்டதுதான் தப்பு. ஒரு வாரம் குடுங்க."

அவர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க மணிக்கட்டில் துணியோடு பழையபடி இழுத்தாள். மதியங்களில் திருத்தி எழுதினாள். இப்போது அது திறக்காத கடிதத்தைத் தொடாது. எல்லையிலிருந்தும் டிரைவர்களிடமிருந்தும் வருபவை படித்த பிறகும் மேலேயே நிற்கும். வேலை முடிந்தது என்று அவள் குறித்தால்தான் நகரும். பில் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கு ஐயாவுடன் நன்றாகவே சண்டை போட வேண்டியிருந்தது.

போன வருடம் எங்கள் கம்பெனியின் சோல்வேசி கிளையிலும் அவள் எழுதியதைப் போடச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனாள். தினமும் கடிதங்களைப் படிக்க அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஆள் யாரும் இல்லை, அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டோம் என்றிருக்கிறார்கள்.

"அப்போ ஆளைப் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள்.